மின் கனலடுப்பு வெப்பநிலை உணரி

மின் கனலடுப்பு வெப்பநிலை உணரி என்பது, ஓவன் என்று வழங்கும் மின் கனலடுப்பின் உள்வெப்பநிலையை அளந்து கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு அறிவிக்கும் உறுப்பு ஆகும். இது பழுதுற்றால் உணவு வேகாமலோ கருகியோ போகும். எனினும், இக்குறைகள் அனைத்திற்கும் உணரியே காரணம் எனக் கொள்ள இயலாது. ஆகவே மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

வகைகள்

* பிளாட்டினம் உணரி: வெப்பநிலை உயர மின்தடையும் உயரும். இத்தகைய வெப்பமானியை வில்லியம் சீமென்சு 1871இல் முன்மொழிந்தார். காலண்டர் 1887இல் அதனைத் துல்லியமான கருவியாக்கினார். 0 °செ வெப்பநிலையில் பிடி-100 வகை 100 ஓம், பிடி-1000 வகை 1000 ஓம் காட்டும்.
* தெர்மிஸ்டர்: பெரும்பாலும் வெப்பநிலை உயர மின்தடை குறையும் வகையே பயன்படுகிறது.
* நீர்மக் குமிழ் தெர்மோஸ்டாட்: நீர்மம் விரிவடைந்து மின்தொடுப்பைத் துண்டிக்கும். நீர்மம் கசிந்தால் பல அமைப்புகளில் மின்சாரம் துண்டிக்கப்படாமல் வெப்பம் அளவு கடந்து உயரும். இதனைப் பழுது பார்க்க இயலாது. முழுவதும் மாற்ற வேண்டும்.

சோதனை

முதலில் மின்செருகியைக் கழற்றி, அடுப்பை ஆறவிட வேண்டும். பின்னர் உணரியின் இணைப்பியைப் பிரித்து, மல்டிமீட்டரால் மின்தடையை அளக்க வேண்டும். பிடி-1000 உணரியின் அளவுகள் ஏறத்தாழப் பின்வருமாறு:

* 0 °செ (உருகும் பனிக்கட்டி நீர்) – 1000 ஓம்
* 25 °செ – 1097 ஓம்
* 35 °செ – 1136 ஓம்
* 100 °செ – 1385 ஓம்

நீரில் சோதிக்கும்போது உலோக முனை மட்டுமே நனைய வேண்டும். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்துள்ளது. சுழிக்கு அருகில் காட்டினால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுள்ளது. இரண்டிலும் உணரியை மாற்ற வேண்டும்.

அறை வெப்பநிலையின் தாக்கம்

பழுதுநீக்கக் கையேடுகள் பலவும் 20 முதல் 25 °செ வரையிலான அறைக்கு உரிய அளவையே தருகின்றன. தாராபுரம் போன்ற ஊர்களில் கோடைப் பகலில் அறை வெப்பநிலை 35 °செ-ஐக் கடப்பதுண்டு. அந்நிலையில் 1136 ஓம் காட்டும் உணரி பழுதானதன்று.

இணைப்புக் கோளாறு

துருப்பிடித்த அல்லது தளர்ந்த இணைப்பு மின்தடையைக் கூட்டும். பிடி-1000 உணரியில் ஏறத்தாழ 4 ஓம் கூடினால் 1 °செ மிகுதியாகத் தெரியும். 40 ஓம் கூடினால், 180 °செ எனக் காட்டும் அடுப்பு உண்மையில் ஏறத்தாழ 170 °செ-இல் இருக்கும். பிடி-100 வகையில் 4 ஓம் கூடினாலே இதே பிழை நேரும். திருப்பூர் வட்டாரச் சாயப்பட்டறை இயந்திரங்களிலும் பிடி-100 பயன்படுகிறது. அங்கு வெப்பநிலைப் பிழை துணியின் நிறத்தை மாற்றிவிடும் என்பதால், கம்பியின் மின்தடையை ஈடுசெய்ய மூன்று கம்பி இணைப்பு கையாளப்படுகிறது.

பழுது நீக்கம்

இணைப்பி முனைகளைத் தூய்மை செய்து இறுக்கியபின் மீண்டும் அளக்க வேண்டும். உணரியை மாற்றுவதாயின் அதே வகையையே பொருத்துதல் வேண்டும். அதன் முனை சுவரைத் தொடலாகாது. வெப்பம் மிகும் இடத்தில் சாதாரண ஈய வெள்ளீயப் பற்றாசு 183 °செ அளவிலேயே உருகத் தொடங்கும். ஆகவே பீங்கான் இணைப்பியும் கண்ணாடி இழை உறையுள்ள கம்பியும் பயன்படுத்தப்படுகின்றன.

உணரி சரியாக இருந்தும் வெப்பம் மிகுந்தால், ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இது தீ அபாயம் உடையது. பழுது நீக்கும் வரை அடுப்பைப் பயன்படுத்தலாகாது. 230 வோல்ட்டு மின்சாரம் பாயும் பகுதி என்பதால், இப்பணியைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.