ஏரி வறண்டபின் வந்த அரளி

சேலம் டவுனுக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று வெள்ளைக்காரன் காலத்தில், 1911-இல் கட்டியது எங்கள் பனமரத்துப்பட்டி ஏரி. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு. ஜருகுமலைப் பக்கத்து ஓடைகள்தான் இதை நிரப்பும். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. பிற்பாடு அந்தத் தண்ணீர் சேலத்துக்கு வந்ததும் டவுன்காரர்கள் இந்த ஏரியை மறந்தார்கள். மழையும் பொய்த்தது, ஏரிக்குள் சீமைக் கருவேலம் காடாக மண்டியது.

கிணறு வற்றினால் குடியானவன் என்ன செய்வான்? எங்கள் பக்கம் அரளி வைத்தார்கள். கொஞ்சத் தண்ணீரில் பிழைக்கும், ஆடுமாடு வாய் வைக்காது, ஒருமுறை நட்டால் பல வருஷம் பூக்கும். 'பருவநிலை மாற்றத்துக்கேற்ப மாறுவது' என்று இப்போது பெரிதாகப் பேசுகிறார்களே, அதை எந்தத் திட்டமும் இல்லாமல் செய்தவர்கள் இவர்கள்.

ஆனால் அரளியின் பிழைப்பு கோயிலை நம்பியது. 2020 ஊரடங்கில் கோயில்கள் மூடியபோது பூவை வாங்க ஆளில்லை. சொந்தக் காடு இல்லாமல் மொக்கு பறித்துக் கூலி வாங்கும் பெண்களுக்குத்தான் பெரிய அடி. ஓடைகளைச் சீர்செய்து ஏரியில் தண்ணீர் நிறுத்தினால் சுற்றுக் கிணறுகள் ஊறும், வேறு வெள்ளாமையும் வைக்கலாம். ஏரி சேலம் மாநகராட்சி வசம் இருக்கிறது.