பொதி

"விலங்கு வகுப்பக் காணல்லண்டு காட்டுது சேர், பெக்கேஜ் சரியாத்தான் போட்டிருக்கேன்" என்று கரைத்தீவில் ஜாவா நிரல்மொழி படிக்கும் தம்பியொருவர் மடிகணினியைத் திருப்பினார். பெக்கேஜைப் பொதி என்போம். தபாலில் வருவது பொதி, மாட்டு முதுகில் ஏற்றியதும் பொதி. பொதிமாடு அப்படி வந்தது. ஆனால் 'பொருள் பொதிந்த பேச்சு' என்னும்போது மூட்டை மறைந்து, உள்ளடங்கியிருத்தல் மட்டும் மிஞ்சுகிறது. ஆங்கிலச் சொல்லும் மூட்டையில் பிறந்ததுதான். 1995இல் வெளிவந்த ஜாவா அதை வகுப்புகளின் முகவரியாக்கிவிட்டது. புத்தளத்தில் கரைத்தீவு, அம்பாறையில் காரைதீவு, யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் பழைய பெயர் காரைதீவே. மாவட்டத்தைச் சொல்லாமல் கடிதம் போட்டால் எங்கே போகும்? பொதிப்பெயர் அந்த மாவட்டம். தம்பியின் 'பண்ணை' பொதியில் விலங்கும் அதன் துணைவகுப்பு ஆடும் இருந்தன. அவர் பண்ணைக் கோப்புறைக்குள் நின்றே ஆட்டைத் தொகுக்க (கம்பைல் செய்ய), தொகுப்பான் பண்ணைக்குள் இன்னொரு பண்ணையைத் தேடியது. ஒரு படி மேலே வந்து, பண்ணை என்ற பாதையோடு கோப்பைக் கொடுத்ததும் பிழை போயிற்று. (வகுப்புகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் கிளாஸ்பாத் மாறியில் பழைய பாதை ஏதும் கிடந்தால் நிற்கும் இடத்தையே தொகுப்பான் பார்க்காது, அந்த இடத்தைக் குறிக்கும் புள்ளியொன்றை மாறியில் சேர்க்க வேண்டும்.) தமிழகத்தில் சிலர் பெக்கேஜுக்குத் 'தொகுப்பு' என்கிறார்கள். தொகுத்தலும் தொகுப்பானும் ஏற்கெனவே அந்த வேரைப் பிடித்துக்கொண்டன. 'தொகுப்பைத் தொகு' என்றால் மாணவர் விழிப்பார். சுமக்கும் வாடை கொஞ்சம் அடித்தாலும் என் வாக்கு பொதிக்கே.