முருகைக்கற்பாரும் கண்ணாடித் தொட்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் முருகைக்கல்லை அறியாதார் இலர். நெடுந்தீவிலே சாந்து பூசாது அடுக்கிய வேலிகள் அக்கல்லால் ஆனவை. யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலிலும் அதுவே இருக்கின்றது. சூளையில் வெந்து சுண்ணாம்பாகி, வீட்டுச் சுவரில் வெண்மையாகப் படிந்ததும் அதுவே. உயிரற்ற கல்லோடு இவ்வளவு நெருங்கிப் பழகிய மக்களிற் பெரும்பாலோர், உயிரோடிருக்கும் முருகைக்கல்லைக் கண்டதில்லை. சங்கு குளிப்போரும், கடலட்டை எடுப்போரும், கூடு வைத்து மீன் பிடிப்போருமே அதனை நன்கறிந்தவர்கள். அவர்கள் அதனைப் பார் என்பர்.

அந்தப் பாரிலே திரியும் சிறு வண்ணமீன்களை வீட்டினுள் ஒரு கண்ணாடித் தொட்டியில் உவர்நீரிட்டு வளர்ப்பது இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு பொழுதுபோக்கு. எந்த மீனை எந்த மீனோடு சேர்ப்பது என்பதே அதிலே முதலில் எழும் வினா. எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அவ்விடையின் பெரும்பகுதி மீன்களின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டதாகும்.

கூடு வைக்கும் கடற்றொழிலாளருக்கு அவ்வினா புதியதன்று. கூட்டினுள் அகப்பட்ட கலவாயின் வயிற்றைக் கீறினால், அதே கூட்டில் அகப்பட்ட சிறு மீன் உள்ளே கிடத்தல் கூடும். பாரிலே அவ்விரண்டும் அருகருகே வாழ்ந்தவைதாம். ஆயின் அங்கே சிறு மீன் ஓடி ஒளிய ஆயிரம் பொந்துகள் உண்டு. கூட்டில் ஒன்றும் இல்லை. கண்ணாடித் தொட்டியும் அழகுபடுத்தப்பட்ட ஒரு கூடே என்பதை மீன் வளர்ப்போர் மிகப் பிந்தியே உணர்ந்தனர்.

மேனாட்டார் முதலிற் கண்டது நிறத்தையே. இலங்கையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த யோன் விற்சேர்ச் பெனற் என்னும் ஆங்கிலேயர், இத்தீவின் கரையோர மீன்களுள் முப்பதைத் தெரிந்து, வண்ணப் படங்களோடு ஒரு நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். முதற் பகுதி 1828 இல் வந்தது. 1830 இல் நூல் நிறைவுற்றது. விஞ்ஞானிகள் அவர் பெயரோடு இன்றும் வழங்கும் மீன்களுள் இரண்டு இங்கே கருதத்தக்கவை. ஒன்று, படங்களைச் செதுக்கிய கிளார்க் என்பவரின் பெயரைத் தாங்கிய கோமாளி மீன். மற்றொன்று, செட்டை முள்ளெல்லாம் விசிறிபோல் விரித்து நிற்கும் சிங்கமீன். இலத்தீன் மொழியிற் போர்வீரனைக் குறிக்கும் சொல்லை அதற்குப் பெயராக இட்டார். நூலில் இரண்டும் ஒரே அட்டைக்குள் அடங்கின. தொட்டியிலோ சிங்கமீன் தன் வாய்க்குள் அடங்கும் எதனையும் விழுங்கிவிடும். அதன் முள்ளில் நஞ்சும் உண்டு. படத்தை மாத்திரம் பார்த்து மீன் வாங்குவோர் இன்றும் இத்தவற்றைச் செய்கின்றனர்.

உயிருள்ள மீனைக் கண்ணாடிக்குள் நெடுநாள் வைத்திருக்கும் முறை பின்னரே வந்தது. இலண்டனில் றொபேட் வாறிங்ரன் என்னும் இரசாயன அறிஞர் 1850 இல் ஒரு சோதனையை வெளியிட்டார். நன்னீரில் பொன்மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வைத்தார். செடி மீனுக்கு ஒட்சிசன் தந்தது. ஆயினும் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. அவ்விலைகளைத் தின்னும் நத்தைகளையும் அவர் சேர்த்தபின் தொட்டி நிலைத்தது. மீன், செடி, நத்தை என்னும் மூவரின் அக்கூட்டே ஆராய்ந்து அமைக்கப்பட்ட முதற் கூட்டுகளுள் ஒன்று எனலாம். பின்னர் அவர் கடல்நீரிலும் அதனையே முயன்றார். 1853 இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கென மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் கொஸ் எழுதிய நூல், கடல்மீன் வளர்ப்பை இங்கிலாந்தில் ஒரு மோகமாகவே ஆக்கிவிட்டது.

தமிழ் வழங்கும் நிலத்தில் இதற்கு முதலில் இடமளித்தது சென்னை. நூதனசாலை அதிபராயிருந்த எட்கார் தேஸ்ரன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு முதலியவற்றை ஆராய்ந்தவர். அவர் திட்டமிட்ட மீன்காட்சிச்சாலை 1909 இல் மெரீனாக் கடற்கரையிலே திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், குண்டுவீச்சுக்கு அஞ்சி அதனை மூடினர்.

கடற்கரையில் அமைந்த காட்சிச்சாலைக்குக் கடல்நீர் எட்டும் தூரத்தில் உண்டு. வீட்டுத் தொட்டிக்கோ அந்த வசதி இல்லை. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது; அது மீனுக்கு நஞ்சு. கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழும் பற்றீரியாக்கள் அதனைப் படிப்படியாகத் தீமை குறைந்த பொருளாக மாற்றுகின்றன. இந்தோனேசியத் தலைநகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிரினங்கள் ஒட்டியிருந்த பாரின் கற்களையே தொட்டியிலிட்டு, மெல்லக் காற்று ஊதி, முருகைகளையும் மீன்களையும் ஒருங்கே வாழவைத்தார். 1961 இல் அவர் எழுதிய கட்டுரை இன்றைய முருகைத் தொட்டிகளுக்கு வழிகாட்டிற்று. ஆயினும் பற்றீரியாவின் உழைப்புக்கும் எல்லை உண்டு. நூறு லீற்றர் கொள்ளும் தொட்டியில் இரண்டு மூன்று சிறு மீன்களுக்கு மேல் வைத்தல் தகாது; அவற்றையும் வாரக்கணக்கில் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகவே சேர்த்தல் வேண்டும்.

நீர் தெளிந்திருந்தும் மீன்கள் ஒன்றையொன்று கொன்றது ஏன்? இதனை ஆராய்ந்தவருள் அவுஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரென்ஸ் பெயர் பெற்றவர். 1963 இல் வெளிவந்த தம் நூலில், புளோரிடாக் கடலிலும் தொட்டிகளிலும் கண்டவற்றை அவர் எழுதினார். பளிச்சிடும் நிறமுடைய பார்மீன், அயலினத்தைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. தன்னினத்தையோ விரட்டி விரட்டிக் கடிக்கிறது. கடலிலே தோற்றது அப்பாற் போய்விடும். தொட்டியிலே போவதற்கு இடமில்லை. ஒரே உணவை நாடுவோர் அவரவர் எல்லையைக் காத்தலே இதன் பயன் என்றார் அவர். நிறத்துக்கும் சினத்துக்கும் அவர் காட்டிய தொடர்பைப் பின்வந்தோர் முற்றாக ஏற்கவில்லை. தாம் மேயும் பாசியைத் தின்ன வரும் எவ்வினத்தையும் துரத்தும் சிறு மீன்களும் பாரில் உண்டு. எனினும் ஓரினத்தில் ஒன்று என்பது வளர்ப்போருக்குப் பொது விதியாயிற்று.

அவ்விதிக்குக் கோமாளி மீன் விலக்கு. அது கடற்சாமந்தியின் கொட்டும் இழைகளுக்கிடையே சிறு குடும்பமாக வாழ்வது. குடும்பத்திற் பெரியது பெண், அடுத்தது ஆண், ஏனையவை வளர்ச்சி அடங்கிக் காத்திருப்பவை. பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறிவிடும் என்பதை 1977 இல் ஜேர்மன் அறிஞர்கள் நிறுவினர். ஆகவே வளர்ந்த இரு பெண்களை ஒரு தொட்டியில் இட்டால் ஒன்று மாளும். சிறு தொட்டியிற் கடற்சாமந்தி நிலைப்பது அரிது. அது இல்லாமலே கோமாளி மீன் நலமாக வாழும்.

குடாநாட்டுக் கரையில் அறியப்பட்ட ஏனையவற்றையும் இவ்வாறே எடைபோடலாம். கிளாத்தியின் பல், சிப்பியையும் கடல்முள்ளியையும் உடைப்பது. முருகைத் தொட்டிக்கு அது ஆகாது. ஓரா பாசியை மேயும் சாது. ஆயினும் சிறு தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்துவிடும், முள் குத்தினால் கை கடுக்கும். வண்ணத்துப்பூச்சி மீன்களுட் சில முருகையின் உயிரையே கொத்தித் தின்பவை. தொட்டியில் வேறு உணவு கொள்ளாது மெலிந்து மாள்வதும் உண்டு. பிற மீன்களின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும் துப்புரவு மீனுக்குப் பல வாடிக்கையாளர் வேண்டும். இரண்டு மீன் உள்ள தொட்டியில் அதற்குப் பிழைப்பு இல்லை.

இத்தகைய மீன்கள் பல்லாண்டுகளாக இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகின்றன. மொக்சி வலை என்னும் சிறு வலையை முருகையின் மேற் போர்த்து, கோலாற் குத்தி மீனை வெளியேற்றும் வழக்கமும் இருந்தது. மீன் ஒன்று கிடைக்க முருகை உடைந்தது. 1996 ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குவிதிகள் அவ்வலையைத் தடைசெய்தன. 1998 இல் கடல்நீர் வெப்பமுற்று இலங்கைப் பார்களிற் பெரும்பகுதி வெளிறி இறந்தபோது, பாருக்கு வேறு பகைகளும் உண்டென்பது தெரிந்தது. வடகரையிலோ 1983 முதல் 2009 வரை நீண்ட போரினால் மீன்பிடியே கட்டுப்பட்டுக் கிடந்தது. மக்கள் தங்கள் கரைகளையே இழந்திருந்தனர். அதனைப் பாருக்குக் கிடைத்த ஓய்வென்று சொல்லி மகிழ்வது பொருத்தமன்று.

பொருந்தாத மீனைப் பலர் கொல்ல மனமின்றிக் கடலில் விடுவர். 1985 இல் புளோரிடாக் கரையில் ஒரு சிங்கமீன் அகப்பட்டது. இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்குரிய அவ்வினம் அத்திலாந்திக்குக்கு உரியதன்று. வளர்ப்போர் விட்டவற்றிலிருந்தே பரவியிருத்தல் வேண்டுமென்பது அறிஞர் துணிபு. பின்னர் கரீபியக் கடலெங்கும் அது பெருகி, அப்பார்களின் சிறு மீன்களைத் தின்று குறைத்தது. அப்படையெடுப்பிற் பெனற் பெயரிட்ட போர்வீரனும் ஒரு பங்காளி.

குடாநாட்டுக்கு அக்கரையில், பாக்குநீரிணையின் அந்தத்தில் உள்ள மண்டபத்தில், இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்துள்ளனர். முட்டைகளை ஆண் மீனே காக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் இருள் சூழ்ந்தபின் அவை பொரிக்கும். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களை ஊட்டி வளர்த்த அக்குஞ்சுகளுக்காக எந்தப் பாரும் உடைபடுவதில்லை. ஒரே தொட்டியில் வளர்ந்த இளமீன்களுள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டைத் தெரிந்தெடுத்தால், பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் தாமே அமைந்துகொள்ளும்.