1860ஆம் ஆண்டு திருநெல்வேலி எழுப்புதல்

திருநெல்வேலி எழுப்புதல் என்பது 1860ஆம் ஆண்டில் அன்றைய மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் எல்லைப் பகுதியில் தோன்றிய கிறிஸ்தவ ஆன்மிக எழுச்சி. வத்திராயிருப்பு அருகில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள கிறிஸ்டியான்பேட்டையில் இது தொடங்கியது. எந்த மிஷனின் திட்டத்தாலும் தோன்றாமல், சம்பளம் வாங்காத தமிழ் ஊழியர்களால் பரவி, ஒன்றுக்கு மேற்பட்ட சபைப் பிரிவுகளைத் தொட்டதே இதன் தனித்தன்மை.

இதன் மையத்தில் இருந்தவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867). உக்கிரன்கோட்டையில் பிறந்த இவர் பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் பயின்றார். ரேனியஸ் ஜெர்மானிய லுத்தரன், ஆனால் அவரை அனுப்பியது ஆங்கிலிக்கன் சார்புடைய சர்ச் மிஷனரி சொசைட்டி (சி.எம்.எஸ்.). தம் உபதேசியார்களுக்கு ஆங்கிலிக்கன் பேராயரின் கையால்தான் குருப்பட்டம் கிடைக்கவேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. 1835இல் சி.எம்.எஸ். அவரை விலக்கியது. சபைகள் இரண்டுபட்டன. 1838இல் ரேனியஸ் இறந்தபின் அவருடன் பிரிந்து சென்ற மிஷனரிகள் சங்கத்துக்குத் திரும்பினர்.

சீமையில் உண்டான சபை வேற்றுமை திருநெல்வேலிக் கிராமத்தானின் வழிபாட்டை எப்படிப் பிளக்கும் என்பதை அருளப்பன் இருபத்தைந்து வயதிலேயே பார்த்துவிட்டார். அதற்கு முன்பே, 1833இல், அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் திருநெல்வேலிக்கு வந்திருந்தார். எக்ஸிடரில் பல் மருத்துவராக இருந்து ஊழியத்துக்கு வந்த குரோவ்ஸ், சகோதர சபை இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். வேதாகமமே போதும், விசுவாசிகள் கூடி அப்பம் பிட்கக் குருப்பட்டம் பெற்றவர் தேவையில்லை, ஊழியனுக்கு நிலையான சம்பளம் வேண்டாம் என்பவை அவருடைய கருத்துகள். அருளப்பன் அவருடன் சேர்ந்துகொண்டார்.

இவற்றுள் சம்பள விஷயம் சிறியதாகத் தோன்றலாம். வரலாற்றில் அதுவே பெரியது. அக்காலத்து உபதேசியார் மிஷனின் மாதச் சம்பளக்காரர். அவரை நியமிப்பதும் மாற்றுவதும் நீக்குவதும் ஐரோப்பிய மிஷனரி. அருளப்பனோ குரோவ்ஸ் கொடுக்க முன்வந்த சம்பளத்தையும் மறுத்தார். கூலிக்காகப் பேசுகிறாய் என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர் கூறிய காரணம். இதைக் குரோவ்ஸே பதிவு செய்திருக்கிறார். 1840இல் அருளப்பன் கிறிஸ்டியான்பேட்டையை நிறுவினார்.

1857–58இல் அமெரிக்காவிலும் 1859இல் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலும் நிகழ்ந்த எழுப்புதல்களின் செய்தி அருளப்பனுக்கு எட்டியது. கிறிஸ்டியான்பேட்டையிலும் ஜெபம் பெருகியது. 1860இன் முதல் பாதியில் கூட்டங்களில் சிலர் தீர்க்கதரிசனம் உரைத்தனர். சிலர் பாவத்தை நினைத்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதனர். உடல் நடுங்கிக் கீழே விழுந்தனர். ஜூன் மாதத்தில் சிலர் அந்நிய பாஷையில் தேவனைத் துதித்ததையும், அதற்குப் பொருள் சொல்லப்பட்டதையும் அருளப்பனின் குறிப்புகள் சொல்கின்றன.

அடுத்து நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. அருளப்பனின் மகனும் ஒரு மகளும் வேறு மூவரும் மூன்று கிராமங்களில் இருந்த தங்கள் உறவினர்களைப் பார்க்கச் சென்றனர். அந்த உறவினர்கள் சி.எம்.எஸ். சபையார். அங்கும் அதே அனுபவங்கள் உண்டாயின. சபைத் தலைவர்கள் கூடிப் பேசி ஒற்றுமைத் தீர்மானம் எதுவும் போடவில்லை. சொந்தபந்தம் போன வழியே எழுப்புதலும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போவது என்பதில் பிரிந்திருந்தவர்கள் கல்யாணம், கருமாதியில் ஒரே குடும்பம்தான். சபை எல்லைகளை எழுப்புதல் தாண்டியதற்கு இறையியல் விளக்கங்களைவிட இந்த உறவுமுறையே தெளிவான காரணமாகப் படுகிறது.

வட திருநெல்வேலியில் ராக்லண்ட் தொடங்கிய சி.எம்.எஸ். சுற்று ஊழியம் 1854 முதல் சிவகாசிப் பக்கம் கூடாரமடித்து நடந்துவந்தது. ராக்லண்ட் 1858இல் சிவகாசியில் இறந்துவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் இந்தப் புதிய நிகழ்ச்சியை எப்படி எடுத்துக்கொள்வது என்று தீர்மானிக்கவேண்டியிருந்தது. சி.எம்.எஸ். மிஷனரி ஆஷ்டன் டிப் 1860லேயே சங்கத்தின் இதழில் இதைப் பற்றி எழுதினார். சில மிஷனரிகள் இது பரிசுத்த ஆவியின் வரம்தான் என ஒத்துக்கொண்டதாக அருளப்பன் குறிப்பிடுகிறார். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நடுக்கமும் தரிசனமும் இந்து மதத்துச் சாமியாட்டத்தை நினைவூட்டக்கூடியவை என்பது மட்டும் சிக்கல் அல்ல. குருப்பட்டமும் சம்பளமும் இல்லாதவர்கள் சபையாரைக் கடிந்து பேசத் தொடங்கினால் மிஷனின் அதிகாரம் எங்கே நிற்கும் என்ற கேள்வியும் இருந்தது.

அந்தக் கேள்வி வீணானதல்ல என்பதைத் திருவாங்கூர் காட்டியது. அருளப்பனின் ஊழியர்கள் மலைக்கு அப்பாலும் சென்றிருந்தனர். 1870களில் அங்கு எழுந்த எழுப்புதல் ஆங்கிலிக்கன் சபையாரையும் சிரியன் கிறிஸ்தவரையும் ஒருசேர இழுத்தது. அதன் தலைவர்களுள் ஒருவர் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஆங்கிலிக்கன் குரு ஜஸ்டஸ் ஜோசப். கிறிஸ்து 1881இல் திரும்பி வருவார் என்ற அறிவிப்பு 1875இல் வெளியானது. இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகளை வைத்து அயலார் அவர்களை ‘அஞ்சரை வேதக்காரர்’ என்று கேலி செய்தனர். குறித்த காலம் ஒன்றும் நிகழாமல் கடந்தது. சபைகளைத் தாண்டிய இயக்கம் கடைசியில் யுயோமயம் என்ற இன்னொரு தனிச் சபையாக நின்றது. அருளப்பன் அதைப் பார்க்கவில்லை; 1867லேயே காலமாகிவிட்டார்.

உலகப் பெந்தெகொஸ்தே வரலாறு நெடுங்காலம் 1906ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருக் கூட்டங்களிலிருந்தே எழுதப்பட்டது. அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே அந்நிய பாஷை கேட்ட கிறிஸ்டியான்பேட்டை இப்போது அந்த வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. அதற்கு உதவியது அருளப்பனின் நாட்குறிப்புகளைக் கொண்டு ஜி. எச். லாங் 1939இல் வெளியிட்ட நூல். லாங் சகோதர சபை மரபில் வந்தவர். இருபதாம் நூற்றாண்டின் அந்நிய பாஷை இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்தவரும் அவரே.