ஒட்டுச்சீட்டு காப்பாற்றிய பெயர்கள்



கணக்குப் பார்ப்பது எனது தொழில் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பற்றுச்சீட்டு இல்லாத செலவை எழுதவே மாட்டேன் என்று எனது வீட்டில் கேலி செய்வார்கள். இம்மாத உரையும் ஒரு பற்றுச்சீட்டில் இருந்துதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளாக, சனிக்கிழமைகளில் எமது நகர நூலகத்தில் கூடும் யுகுலேலே குழுவுக்குப் போய் வருகிறேன். யுகுலேலே என்பது நான்கு தந்திகளோடு, கிற்றாரின் குட்டி போல இருக்கும் வாத்தியம். சிறியது சுமார் 21 அங்குல நீளம்தான் வரும். எமது குழுவில் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கனடாவில் இந்த வாத்தியம் பாடசாலைகளில் பரவியதற்கு, 1967 முதல் ஹலிஃபாக்ஸ் பாடசாலைகளின் இசைக்கல்விக்குப் பொறுப்பாயிருந்த சால்மர்ஸ் டோன் அவர்களே முக்கிய காரணம். எமது ஆசிரியரும் அந்த வழியில் வகுப்பெடுத்தவர்.

அவருடைய விரல்கள் இப்போது மூட்டு நோவால் வளைவதில்லை. சென்ற வருடம் தனது பழைய கமாகா யுகுலேலேயை விற்கப்போவதாகச் சொன்னார். நான் வாங்குவதென்று முடிவு செய்து அவர் வீட்டுக்குப் போனேன்.

பழைய வாத்தியம் வாங்குவதும் பழைய கணக்கைத் தணிக்கை செய்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். கழுத்து நேராக இருக்கிறதா, தந்திகளைத் தாங்கும் பாலம் கிளம்பியிருக்கிறதா, மரத்தின் ரேகையோடு வெடிப்பு ஓடியிருக்கிறதா, முறுக்காணிகள் பழையவைதானா, மேற்பூச்சை யாராவது சுரண்டிப் புதிதாகப் பூசியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எமது குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டு, மரம் சுருங்கி வெடித்துவிடும். ஆனால் இதிலோ ஒரு கீறல் கூட இல்லை. இத்தனை வருடமும் பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைத்துப் பாதுகாத்திருக்கிறார் மனிதர்.

ஒலித்துளைக்குள் பார்த்தால் பொன்னிற ஒட்டுச்சீட்டு தெரிந்தது. கமாகா நிறுவனம் 1954 முதல் 1969 வரை செய்தவற்றில்தான் இந்தப் பொன்னிறச் சீட்டு இருக்கும் என்பது சேகரிப்பவர்களின் கணக்கு. அந்தச் சீட்டு காட்டியது பதினைந்து வருட இடைவெளியை. அதைச் சுருக்கியது பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த கடைப் பற்றுச்சீட்டு. 1964, ஹொனலுலு. தேனிலவுக்குப் போனபோது வாங்கியதாம். விலை 700 டொலர் என்றார். வேறிடத்தில் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அந்தத் துண்டுக் காகிதத்தை வாத்தியத்தில் இருந்து ஒருபோதும் பிரிக்கக்கூடாது.

வீடு வந்தபின் அந்த நிபந்தனை என்னை விடவில்லை. இந்த வாத்தியத்தின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

1879 ஆகஸ்டில் ராவென்ஸ்கிறாக் என்ற கப்பல் ஹொனலுலுத் துறைமுகத்தை அடைந்தது. நானூறுக்கும் மேற்பட்ட போர்த்துக்கேயர் அதில் இருந்தார்கள். மதேய்ரா தீவில் இருந்து ஏறத்தாழ நான்கு மாதம் கடலில் வந்தவர்கள். ஹவாயின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டவர்கள். கரையிறங்கிய மகிழ்ச்சியில் ஜொவாவ் பெர்னாண்டஸ் என்பவர், தம்மோடு வந்த ஒருவரின் சிறிய நான்கு தந்தி வாத்தியத்தை வாங்கி அங்கேயே வாசித்துப் பாடினாராம். மஷேற் என்ற அந்த மதேய்ரா வாத்தியம்தான் யுகுலேலேயின் தாய்.

அதே கப்பலில் மூன்று மரவேலைக்காரர்கள் வந்தார்கள். மனுவேல் நூனெஸ், ஒகுஸ்தோ டியஸ், ஜொசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ. கதிரை, மேசை, அலுமாரி என்ற சொற்களை எமக்குத் தந்த அதே மொழி பேசியவர்கள். அவர்களும் முதலில் தோட்டத் தொழிலாளர்களாகவே வந்தார்கள். ஒப்பந்தக் காலம் கழிந்ததும், 1880களில் ஹொனலுலுவில் கடை திறந்து தமது கைத்தொழிலுக்குத் திரும்பினார்கள். ஹவாயில் விளையும் கோவா மரத்தில் ஊர்க்காரரின் கைக்கேற்ற வாத்தியம் செய்தார்கள். மன்னர் கலகௌவா அதை ஆதரித்து அரண்மனைக்குள் அழைத்தார்.

யுகுலேலே என்ற பெயருக்குத் 'துள்ளும் தெள்ளு' என்பது பொதுவான பொருள். விரல்கள் தந்திமேல் துள்ளுவதால் வந்ததாம். ஆனால் 1893இல் ஆட்சி பறிக்கப்பட்ட அரசி லிலியுஒகலானி, 'இங்கு வந்துசேர்ந்த பரிசு' என்று பொருள் சொன்னாராம். நாடிழந்த ஓர் அரசி, நாடுவிட்டு வந்தவர்களின் பொருளைப் பரிசென்று சொன்னது என்னை நெகிழ வைத்தது.

1915இல் சான் பிரான்சிஸ்கோ பெருங்கண்காட்சியில் ஹவாய் அரங்கின் இசை அமெரிக்காவையே பிடித்துக்கொண்டது. அடுத்த வருடமே பென்சில்வேனியாவின் மார்ட்டின் நிறுவனம் யுகுலேலே செய்து விற்கத் தொடங்கியது. அதே 1916இல் ஹொனலுலுவில் சாமுவேல் கமாகா என்ற ஹவாய்க்காரர் தமது வீட்டின் நிலவறையில் தொழிலை ஆரம்பித்தார். அன்னாசிப்பழ வடிவில் ஒரு வகையும் செய்து 1928இல் காப்புரிமை பெற்றார். 1953இல் அவர் இறந்தபின் மகன்மார் பொறுப்பேற்றார்கள். இன்றும் அந்தக் குடும்பமே நடத்துகிறது. என் கைக்கு வந்திருப்பது அந்த மகன்மார் காலத்து வாத்தியம்.

நேயர்களே, அந்தக் கப்பலில் வந்த நானூறு பேரில் இந்த மூன்று தச்சர்களின் பெயரை இன்று உலகெங்கும் யுகுலேலே பிரியர்கள் அறிவார்கள். காரணம் என்ன? தாம் செய்தவற்றின் உள்ளே பெயரைப் பொறித்தார்கள், சீட்டு ஒட்டினார்கள். சீட்டில் இருப்பதெல்லாம் வேதவாக்கு அல்ல என்பதும் உண்மை. யுகுலேலேயைக் கண்டுபிடித்தவர் தாமே என்று நூனெஸ் விளம்பரம் செய்தார். ஆனால் மற்ற இருவருக்கும் அதில் பங்குண்டு. அதைச் சரிபார்க்க முடிவதும் அவர்களின் சீட்டுகளும் எஞ்சியிருப்பதால்தான்.

இப்போது எனது கணக்குக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அப்பாவின் ஆர்மோனியப் பெட்டி ஒன்று இருந்தது. 1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது, அதைச் சாமியறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது வீடும் இல்லை, பெட்டியும் இல்லை. போனது போகட்டும். அதன் மூடியின் உட்புறத்தில் ஒரு சிறிய பித்தளைத் தகடு இருந்தது. செய்தவரின் பெயரும் ஊரும் அதில் இருந்தன. சிறு வயதில் எத்தனையோ நாள் அதைத் துணியால் துடைத்திருக்கிறேன். ஒரு நாள்கூட ஊன்றி வாசிக்கவில்லை. அப்பா இருந்தபோது கேட்கவும் இல்லை. இப்போது கேட்க யாருமில்லை.

உங்கள் வீடுகளிலும் ஏதாவது ஒன்று தப்பி வந்திருக்கும். அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டம், ஒரு மிருதங்கம், பாக்குவெட்டி, தையல் கத்தரிக்கோல். யார் செய்தது, யார் வாங்கியது, எந்த வழியால் இங்கு வந்தது என்று ஒரு துண்டில் எழுதி அதனோடு வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். பிள்ளைகள் வாசிக்கத்தக்க மொழியிலும் ஒரு வரி எழுதுங்கள்.

ஆசிரியரின் பற்றுச்சீட்டுக்குப் பின்னால் எனது துண்டையும் வைத்திருக்கிறேன். அவர் பெயர், வாங்கிய திகதி, 700 டொலர், எனது பெயர். அதற்குக் கீழே, அப்பாவிடம் ஓர் ஆர்மோனியம் இருந்தது என்றும் எழுதியிருக்கிறேன்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.