ஐந்து பெயர்களின் வரிசை

வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது, சாலே. கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப் ரசிகர்கள் இந்த ஐந்து பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். வரிசை மாறுவதில்லை. மைதானத்தில் வலது ஓரத்திலிருந்து இடது ஓரம்வரை ஐவரும் நின்ற வரிசை அது. 1949 முதல் 1953 வரை இவர்கள் சேர்ந்து ஆடினார்கள். இவர்களுக்குப் பஞ்ச பாண்டவர் என்று பெயர். ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான் மூவரும் பெங்களூர்க்காரர்கள். அப்பாராவ் ஆந்திரர். சாலே கோட்டயத்திலிருந்து போனவர்.

வீடு வாசலை இழந்து எல்லை தாண்டி வந்த ஜனங்கள், தங்கள் பாஷையைப் பேசாத ஐந்து தெற்கத்தியர்களை எப்படித் தங்களுடையவர்களாக ஆக்கிக்கொண்டார்கள் என்பதுதான் என் கேள்வி. இதை விளையாட்டுப் பத்திரிகைக்காரர்களிடம் விட்டுவிடலாம் என்று நம் வட்டத்தில் சிலர் நினைக்கக்கூடும். அப்படி விட்டதனால்தான் நம் சமூக சரித்திரத்தில் பாதி நமக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் பதிவேடு என்ன சொல்கிறதென்று பார்த்துவிடலாம். 1949இல் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை மூன்றும் ஈஸ்ட் பெங்காலுக்கு. 1950இல் லீகும் ஷீல்டும். 1951இல் மூன்றாம் முறையாகத் தொடர்ந்து ஷீல்டு, கூடவே டூரண்ட் கோப்பை. 1952இல் மறுபடி லீக், மறுபடி டூரண்ட். 1953இல் ருமேனியாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போனார்கள். மாஸ்கோவின் டார்பெடோ அணியோடு 3-3. இந்த ஐந்து வருஷங்களில் கிளப் போட்ட 387 கோல்களில் 260 ஐவருடையவை என்று ஒரு கணக்கு உண்டு. இந்த எண்ணை எந்த ரசிகர் வாயாலும் நான் கேட்டதில்லை. எண் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

கிளப் பிரிவினைக்கு முந்தியது. 1920 ஜூலையில் ஜோராபகான் அணி மோகன் பகானோடு ஆடியபோது சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை வெளியே உட்கார்த்தினார்கள். அவர் கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதுதான் காரணம் என்று பேச்சு. ஜோராபகானின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி கோபித்துக்கொண்டு வெளியேறினார். ஆகஸ்ட் 1ஆம் தேதி புதிய கிளப் பிறந்தது. பத்மா நதிக்கு அப்பாலிருந்து பிழைக்க வந்து, பேச்சின் இழுவைக்காகக் கேலி செய்யப்பட்டவர்களின் கிளப். கேலி செய்தவர்களுக்குக் கோட்டி என்று பெயர், செய்யப்பட்டவர்களுக்கு பாங்கால். (திருநெல்வேலிக்காரர்கள் முதல் சொல்லுக்குத் தங்கள் அர்த்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.) வேடிக்கை என்னவென்றால், 1911 ஜூலை 29இல் வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியான ஈஸ்ட் யார்க்‌ஷயரை 2-1 என்று ஜெயித்த மோகன் பகான் பதினொருவரில் பெரும்பாலோர் கிழக்கு வங்கப் பூர்வீகம் உள்ளவர்கள்தான். அந்த வெற்றியை மேற்கு வங்கத்துக்காரர்களின் தனிச்சொத்தாக்கியது பின்னால் வந்த ரசிக ஞாபகம்.

1947க்கு முன் இது பெரும்பாலும் ஊர்ச் சண்டை, சாப்பாட்டுச் சண்டை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் உல்லம் மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்கிற ரகம். பிரிவினைக்குப் பிறகு விஷயம் வேறாயிற்று. 1946 ஆகஸ்டுப் படுகொலைகளின் வருஷத்தில் ஷீல்டு நடக்கவே இல்லை. அதன்பின் ஸியால்தா ஸ்டேஷன் பிளாட்பாரங்களில் குடும்பங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. 1950இல் பாரிஸால் பக்கம் கலவரம் வந்தபோது கூட்டம் இன்னும் பெருகியது. ஜாதவ்பூரைச் சுற்றிக் காலி நிலங்களில் இரவோடிரவாக மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து, காலையில் அதற்கு ஒரு தலைவர் பெயரை வைத்துக் காலனி என்றார்கள். சொந்தக்காரனின் அடியாட்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது. பிடுங்கியெறிந்ததை மறுநாள் மீண்டும் நட்டார்கள். காலனிகள் முளைத்த அதே வருஷங்கள்தான் ஐவர் ஆடிய வருஷங்களும்.

பாண்டவர் என்ற பெயர் இங்கேதான் வேலை செய்கிறது. அந்தப் பெயரை யார் முதலில் சொல்லியிருந்தாலும், ஐந்து பேர் இருந்ததால் மட்டும் அது நிலைத்திருக்காது. பாண்டவர்கள் நிலத்தைப் பறிகொடுத்து வனத்துக்குப் போனவர்கள். ராஜ்யம் பாகமாவதில் தொடங்கிய கதை அவர்களுடையது. ஐந்து ஊர் கேட்டு, ஊசி முனை நிலமும் கிடையாது என்ற பதிலை வாங்கியவர்கள். காலனியில் ஒரு துண்டு நிலத்துக்காக மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு இந்தக் கதைக்கு உரை தேவைப்பட்டிருக்காது. எதிரி மோகன் பகான் என்பதும் கதைக்குள் சரியாக உட்கார்ந்தது. எதிரில் நின்றவன் அந்நியன் இல்லை, ஒரே பாஷை பேசுகிறவன், பங்காளி. பங்காளிச் சண்டை என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் பெங்காலிகளிடமே கிடைக்கிறது.

ஆனால் இந்தப் பாண்டவர்களில் இருவர் முஸ்லிம்கள். அகமது கானும் சாலேயும். முஸ்லிம் பெரும்பான்மை கொண்ட நாட்டிலிருந்து பயந்து ஓடிவந்த ஹிந்துக்கள், வாரத்தில் ஒரு மாலை மைதானத்தில் 'அகமது, அகமது' என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். இதை மத ஒற்றுமைக்குச் சான்றாக்கி மேடையில் பேசுவது சுலபம். அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. கத்திவிட்டுக் காலனிக்குத் திரும்பியவன் வீட்டில் என்ன பேசினான் என்பதை அந்த மேடைகள் கேட்பதில்லை. அதே நகரத்தில் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து லீக் ஜெயித்த முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ஒவ்வொரு வெற்றியையும் இரு மதத்தாரும் மதக் கணக்கில் வரவு வைத்ததையும் அவை சொல்வதில்லை. அகமது கானுக்குக் கிடைத்த கைதட்டல் எந்தக் கலவரத்தையும் நிறுத்தவில்லை. ஆனாலும் அது பொய்யான கைதட்டல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெறுப்புக்கும் அபிமானத்துக்கும் ஒரே மனதில் தனித்தனி அறைகள் இருந்திருக்கின்றன. வரலாற்று நூல்கள் முதல் அறையைத்தான் திறந்து காட்டுகின்றன. இரண்டாவதற்குச் சாவி ரசிகர்களின் பேச்சில் இருக்கிறது.

என்னோடு கிளையில் கொஞ்ச காலம் வேலை பார்த்த, கல்கத்தாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் இந்த வரிசையை எனக்குச் சொன்னார். ரிட்டையராக இரண்டு வருஷம் இருந்தது அவருக்கு. பாரிஸால் குடும்பம். ஐவரில் ஒருவர் ஆடிக்கூட அவர் பார்த்ததில்லை. அவர் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பே அந்த வரிசை கலைந்துவிட்டது. அகமது கான் பந்தை மிதித்து நிறுத்தி இடுப்பை ஒடிப்பதை, மேஜைக்கு வெளியே வந்து, வவுச்சர் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே செய்து காட்டினார். 'நீங்கள் பார்த்தீர்களா?' என்றேன். 'பாபா பார்த்தார்' என்றார். அந்த அசைவு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவின் உடம்பில் அது எவ்வளவு அகமது கானாக இருந்தது, எவ்வளவு அப்பாவாக இருந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பார்த்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அல்லது தொண்ணூறைத் தொட்டுவிட்டார்கள். இன்று நினைவுகூர்கிறவர்கள் பெரும்பாலும் கேட்டவர்கள். கூத்தில் வாத்தியாரின் அடவு சிஷ்யனுக்குப் போகிற மாதிரி ஒரு ஆட்டக்காரரின் உடல் ரசிகர்களின் உடல்கள் வழியாக வந்துகொண்டிருக்கிறது. இதைக் கடந்தகால ஏக்கம் என்று சொல்லி மூடிவிடுவது மோசமான விமர்சனம்.

இந்த ஞாபகம் ஏன் ஐந்து பெயராக, ஒரே வரியாக நிலைத்தது என்பதற்கு ஆட்டத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. அன்று இந்தியாவில் ஆடப்பட்டது இரண்டு-மூன்று-ஐந்து என்ற அமைப்பு. பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் மைதானத்தின் அகலத்துக்கு ஐவர். சொல்வதற்கு வாகான வடிவம். ஓரத்தில் தொடங்கி, நடுவில் தன்ராஜில் ஏறி, மறு ஓரத்தில் இறங்குகிறது. ஐரோப்பாவில் அந்த அமைப்பு ஏற்கனவே தளர்ந்துவிட்டிருந்தது. 1948இல் லண்டன் ஒலிம்பிக்ஸில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியா பிரான்ஸிடம் 2-1 என்றுதான் தோற்றது. இரண்டு பெனால்டியை வீணடித்தது. அதனால் நம் வழியே போதும் என்று ஒரு பிரமை இருந்தது. 1952 ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா 10-1 என்று அதைக் கலைத்தது. அந்த ஒன்றை அடித்தவர் அகமது கான். அதற்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. ரஹீம் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த வருஷங்களில் அமைப்பும் மாறி, முன்னணி ஐவர் நால்வரானார்கள். ஐந்து பெயரை ஒரே மூச்சில் சொல்லும் சாத்தியம் மைதானத்திலேயே முடிந்துபோயிற்று. யாப்பு மாறினால் மனப்பாடம் மாறுவதை நம் கவிதையில் பார்த்தவர்கள் நாம். இதை விளக்கத் தேவையில்லை.

வங்காளிகள் இந்த ஞாபகத்தை எழுத்திலும் கொண்டுவந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். மோதி நந்தி 'ஸ்ட்ரைக்கர்', 'ஸ்டாப்பர்' என்று மைதான நாவல்களே எழுதினார். ரித்விக் கட்டக்கின் 'மேக தாக்க தாரா'வில் (1960) காலனி வீட்டின் சின்னப் பையன் கால்பந்து ஆடுகிறவன். அந்த வீட்டின் ஒவ்வொரு ரூபாயும் யாரிடமிருந்து உறிஞ்சப்படுகிறது என்பதைச் சொல்ல கட்டக்குக்கு அந்தப் பையனும் தேவைப்பட்டான். நம் நாவல்களில் கோயில் யானைக்கும் நாதஸ்வரத்துக்கும் இடம் இருக்கிறது. வியாசர்பாடியில் பந்துதைக்கும் பையனுக்கு இன்னும் சரியாக இடம் கிடைக்கவில்லை.

இனி இந்த ஞாபகம் எதை விட்டுவிட்டது என்பது. ஐந்து பேரை அது பெயர்களாகப் பத்திரப்படுத்தியது, மனிதர்களாக இல்லை. வெங்கடேஷுக்கு என்ன பாஷையில் கனவு வந்தது, சாலே மழைக்காலக் கல்கத்தாவில் கோட்டயத்தை எப்படி நினைத்தார் என்பது அந்த வரியில் கிடையாது. அவர்கள் பிறந்த இடத்திலோ வரியே கிடையாது. பெங்களூர் கண்டோன்மெண்ட், தமிழும் உருதும் கலந்து பேசிய சந்துகளும் பட்டாளத்து மைதானங்களுமான அந்தப் பகுதி, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இந்திய அணிக்கு ஆட்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. 1937இல் ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்த முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ்தான். லண்டனில் பிரான்ஸுக்கெதிராகக் கோல் போட்ட ராமன் பெங்களூர்க்காரர். அகமது கான் 2017 ஆகஸ்டில் பெங்களூரில்தான் இறந்தார், பாண்டவர்களில் கடைசி ஆளாக. எங்கோ ஜாதவ்பூரில் அவர் இடுப்பு ஒடித்ததைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவர் தெருவைக் கடந்து போனவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரிந்திருக்கும்?

ஐவருக்குப் பிறகு வங்காளம் மூன்று பெயரைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கியது. சுனி, பி.கே., பலராம். 1962 ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கிய அணியின் மூவர். சுனி கோஸ்வாமி மோகன் பகான், பி.கே. பானர்ஜி ஈஸ்டர்ன் ரயில்வே. துளசிதாஸ் பலராம் 1957இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தவர், செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் போட்டார். உடம்பு கெட்டு 1963இலேயே, முப்பது வயதுக்குள், ஆட்டம் முடிந்தது. ஆனால் அவர் திரும்பிப் போகவில்லை. ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் தங்கினார். ரசிகர்கள் அவரை ஐவரின் வழிவந்தவராகவே கொண்டாடினார்கள். அவருக்கோ கிளப்போடு வெகுகாலமாக மனத்தாங்கல், அதை அவர் மறைக்கவும் இல்லை. சுனியும் பி.கே.யும் 2020இல் சில வாரங்கள் இடைவெளியில் போனார்கள். பலராம் 2023 பிப்ரவரியில் போனார். அறுபது வருஷத்துக்குமேல் வங்காளத்தில் இருந்தவரைப் பற்றி மறுநாள் எழுதியவர்கள், ஹைதராபாத்திலிருந்து வந்தவர் என்றுதான் ஆரம்பித்தார்கள்.