மண் தின்ற குழாய்

கடன் கொடுத்தால் சொத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், கொடுத்த பிறகும் அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். பேங்கில் சேர்ந்ததும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது. சரி, சொத்து மண்ணுக்கு அடியில் இருந்தால்? பி.காம். படித்தவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். இதில் ஒரு பெரிய கடன் கதை இருக்கிறது.

1890களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் கூல்கார்டி, கல்கூர்லி பக்கம் தங்கம் கிடைத்தது. தங்கம் இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. பெர்த் நகருக்கு அருகே அணை கட்டி, சுமார் 530 கி.மீ. தூரம் எஃகுக் குழாயில் தண்ணீரை அனுப்பலாம் என்று திட்டம் போட்டார் தலைமைப் பொறியாளர் ஓ'கானர். இதற்காக 1896இல் அரசாங்கம் 25 லட்சம் பவுண்டு கடனுக்கு ஒப்புதல் வாங்கியது. 30 அங்குல விட்டம், 28 அடி நீளத்தில் ஏறக்குறைய 60,000 குழாய்கள். தார் பூசிப் பள்ளத்தில் புதைத்தார்கள். வழியில் எட்டு பம்பிங் ஸ்டேஷன்கள்.

தண்ணீர் அவ்வளவு தூரம் ஏறாது, பணம் பாழ் என்று ஏகப்பட்ட வசவு. மனம் நொந்த ஓ'கானர் 1902 மார்ச்சில் தற்கொலை செய்துகொண்டார். 1903 ஜனவரியில் கல்கூர்லிக்குத் தண்ணீர் வந்தே விட்டது.

ஆனால் திட்டினவர்கள் யாரும் யோசிக்காத எதிரி ஒருவன் இருந்தான். மண்!

உப்பும் ஈரமும் கலந்த மண்ணில் எஃகைப் புதைத்தால் அது ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடுகிறது. ஒரே குழாய் ஓரிடத்தில் மணலிலும் அடுத்த இடத்தில் களிமண்ணிலும் கிடக்கும். காற்று குறைவாகப் புகும் இடத்திலிருந்து மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும். இறங்கும் இடத்தில் இரும்பு கரையும். தார்ப்பூச்சில் சின்ன ஓட்டை இருந்தால் அரிப்பு அங்கேயே குவிந்து குழாயைத் துளைத்துவிடும். கூல்கார்டி குழாயும் அரித்து ஒழுகியது. கடைசியில் 1930களில் பெரும்பகுதியைத் தோண்டி எடுத்துத் தரைக்கு மேலே வைத்தார்கள்.

இதற்கான மருந்து அதற்கு நூறு வருஷம் முன்பே தெரியும் என்பதுதான் வேடிக்கை. 1824இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டோடு துத்தநாகம், இரும்புத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். துண்டுகள் கரைந்தன, செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு கரையாததால் கப்பலின் அடியில் கடல் சிப்பிகள் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் கெடுத்தன. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது.

1928இல் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ராபர்ட் கூன் என்ற பொறியாளர் அதே தத்துவத்தை எரிவாயுக் குழாய்க்குக் கொண்டுவந்தார். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, குழாயிலிருந்து மின்சாரம் இறங்காமல் தடுத்தார். எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதற்கு ஓர் அளவும் சொன்னார்: தாமிர சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டால் குழாயின் மின்னழுத்தம் மைனஸ் 0.85 வோல்ட். இன்றும் உலகம் முழுக்க இந்த எண்ணை வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது மின்சாரம் அல்ல, இந்த எண்தான். தோண்டாமலே புதைந்த சொத்தை இன்ஸ்பெக்ஷன் செய்ய வழி கிடைத்துவிட்டது அல்லவா! தார் பூசிவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைத்த காலம் போய், போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கணக்காக அது மாறியது.

குஜராத்தில் நான் இருக்கும் ஊருக்கு வெளியே, எரிவாயுக் குழாய் போகும் பாதையில் அங்கங்கே குட்டையாகக் கம்பங்கள் நிற்கும். உள்ளே குழாயோடு இணைத்த ஒயர் இருக்கும். மீட்டரை மாட்டி அந்த எண்ணைப் பார்ப்பது இங்கேதான். உங்கள் ஊர்ப் பக்கமும் இருக்கலாம். அதில் எருமையைக் கட்டுகிறவர்களை, மூடியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.